பத்து ராண்ட் சோதனை

பிப்ரவரியில் சாட்ஸ்வர்த் காற்றைப் பிழிந்தால்
ஒரு வாளி தண்ணீர் தேறும்.
கொடியில் போட்ட துண்டு மூன்றாம் நாளும்
காயலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.
உப்பு, ஜாடிக்குள் கல்லாகிவிட்டது.
இதற்கு நடுவில்
மைனஸ் பதினெட்டில் நிற்கிறது ஒரு வெள்ளைப் பெட்டி.
உள்ளே நாற்பது டஜன் சமூசா,
வெள்ளிக்கிழமை கிராஃப்ட்டீன் கடைக்குப் போகவேண்டியவை.

முன்பு வைத்திருந்தது மேல்பக்கம் திறக்கும் பெட்டி.
குளிருக்குக் கனம் உண்டு. கிணற்றுத் தண்ணீர்போல
அடியிலேயே கிடக்கும்,
மூடியைத் தூக்கினாலும் எழுந்து வராது.
நான்கு மணி நேரம் லோட் ஷெடிங் என்றாலும்
பட்டாணிப் பொட்டலம் வியர்க்காது.
குனிந்து குனிந்து என் இடுப்புதான் போயிற்று.
விற்றோம்.

நிற்கும் பெட்டிக்கு வேறு குணம்.
கதவைத் திறந்ததும் குளிர் மொத்தமும் வழிந்து
என் கால்விரல்மேல் கொட்டும்.
காலியான இடம் காலியாகவா இருக்கும்?
மேல்பக்கமாக நுழையும் சமையலறை:
கெட்டில் ஆவி, துண்டின் ஈரம்,
யாராவது பெருமூச்சு விட்டிருந்தால் அதுவும்.
போன ஈரம் திரும்பாது.
தண்ணீராக ஒரு கணம்கூட நில்லாமல்
நேரே வெள்ளையாகிச் சுவரில் ஒட்டும்.

மூடிய கையோடு மறுபடி இழுத்துப் பாருங்கள்,
திறக்காது.
உள்ளே மாட்டிய சூட்டுக் காற்று சுருங்கி
கதவை உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும்.
ஒரு நிமிடம் பொறுத்தால் தானே விடும்.
எங்கள் வீட்டில் சண்டைகளும் அப்படித்தான்,
ஒரு நிமிடத்துக்குப் பதில் ஒரு வாரம்.

போன மாதம்தான் சுரண்டினேன்
(மரக் கரண்டியால்; கத்தி பட்டால் கேஸ் குழாய் போய்விடும்).
அதற்குள் மேல்தட்டில் இரண்டு விரல் கனம்.
அங்கே மறந்துபோன ஒரு ஷாட் மீன்
உருகாமலே வற்றி
ஓரமெல்லாம் அட்டைபோல் வெளுத்திருந்தது.
அதன் ஈரமும் சுவரில்தான்.

"ரப்பர் போயிருக்கும்" என்றார் தனசேகரன்.
பூபாலன் வந்து பார்க்கவே முந்நூற்றைம்பது ராண்ட் கேட்பான்.
பத்து ராண்ட் தாள் போதும் எனக்கு.
ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடி
இழுத்தேன். மேலே, கீழே, கீல் பக்கம், கைப்பிடிப் பக்கம்,
நான்கிலும் தாள் வரவில்லை.
ரப்பர்மேல் குற்றமில்லை.
அந்தத் தாளை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் தாள் தரையில் கிடந்தது.

மறுநாள் இரவு, ஒன்றே முக்கால்.
சரோஷ்னி.
உம்ஹ்லாங்கா கால் சென்டரில் டிசம்பரோடு ஒப்பந்தம் முடிந்து
அன்றிலிருந்து "ஐ'ம் ஃபைன்" மட்டுமே பேசுகிற பெண்.
கதவை அகலத் திறந்து
மேல்தட்டுக்குள் முகத்தை வைத்து
கண் மூடி நிற்கிறாள். எதையும் எடுக்கவில்லை.
அவள் கணுக்காலைச் சுற்றி வெண்புகை.
புகை பெட்டியுடையது என்றுதான் நினைப்போம்.
இல்லை, எங்கள் வீட்டுக் காற்றேதான் அது,
குளிர் தொட்டபின் கண்ணுக்குத் தெரிகிறது,
அவ்வளவுதான்.

பிரீபெய்டு மீட்டரில் பதினொரு யூனிட் மிச்சம்.
கத்துவதற்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது.
நாற்பது டஜன் சமூசா!
செருப்பை விட்டுவிட்டு
வெறுங்காலில் திரும்பினேன்.

சனிக்கிழமை பெட்டியை அணைத்து
உள்ளே வெந்நீர்ச் சட்டி வைத்தேன்.
பனி பாளம் பாளமாக விழுந்தது.
பேசின் பிடிக்க அவளைக் கூப்பிட்டேன்.
"இவ்வளவு தண்ணி எங்கேர்ந்தும்மா?"
"உள்ளே வந்ததுதான்" என்றேன்.
அவள் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கை வலித்திருக்கும், கீழே வைக்கவில்லை.
வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு சமூசா எல்லாவற்றையும்
கீழ்த்தட்டுகளில் நெருக்கி அடுக்கினேன்.
மேல்தட்டில் ஒன்றும் வைக்கவில்லை,
ஒரு முகம் வைக்கும் அளவு இடம்.
பனி கட்டும். கட்டட்டும்,
மாதம் ஒருமுறை சுரண்டினால் போகிறது.

தனசேகரனிடம்
ரப்பர் மாற்றியாயிற்று என்று சொல்லியிருக்கிறேன்.